எந்தக் கடலின் மழை? – பழந்தமிழ்ப் பாட்டும் நீர்ச் சுழற்சியும்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களைப் புரட்டினால் ஒரு கட்டுரை தவறாமல் கண்ணில் படும். தலைப்பு மாறும், எழுதியவர் மாறுவார். சாரம் மட்டும் மாறாது. கடல்நீர் மேகமாகி, மேகம் மழையாகி, மழை ஆறாகி, ஆறு மீண்டும் கடலில் சேர்கிறது என்று மேல்நாட்டார் கண்டுபிடிப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப்புலவர் பாடிவிட்டார் என்பதே அந்தச் சாரம். சான்றாகப் பட்டினப்பாலையில் இரண்டு அடி, திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரம், திருப்பாவையில் நான்காம் பாசுரம். முடிவில் ஒரு பெருமூச்சு, ஒரு வாழ்த்து. படித்துவிட்டு நாமும், "பாத்தீங்களா, நம்மாளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்று மலரை மூடி வைத்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரைகளை எழுதுபவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள். ஊரை விட்டு வந்த இடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழின் மேல் ஒரு மதிப்பு வரவேண்டும் என்ற தவிப்பில் எழுதுகிறார்கள். அந்தத் தவிப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் என் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமை பேசும் அவசரத்தில் நாம் பாட்டைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். பாட்டில் உண்மையாகவே இருக்கும் அறிவு ஒன்று. நாம் அதன்மேல் ஏற்றி வைக்கும் அறிவு வேறொன்று. இரண்டாவதைக் கொண்டாடப்போய் முதலாவதை இழக்கிறோம். அந்த இழப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் சொன்னவர் யார்?

'முதலில் சொன்னவர் நாமே' என்ற வாதம் நிற்காது. அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, சூரியவெப்பத்தால் நீர் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து மழையாக இறங்குகிறது என்று எழுதிவிட்டார். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பிரசங்கி என்னும் நூல், ஆறுகள் எல்லாம் கடலுக்கே ஓடியும் கடல் நிரம்பவில்லை, ஆறுகள் தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றன என்று வியக்கிறது. கடலைப் பார்த்த, மழையில் நனைந்த எந்தச் சமூகத்துக்கும் இந்த எண்ணம் தோன்றும். அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, மார்தட்டவும் ஒன்றுமில்லை.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் புதிதாக நடந்தது வேறொரு காரியம்: அளவை. அதுவரை அங்கே பலர், ஊற்றுகளும் ஆறுகளும் கடலிலிருந்து பூமிக்கடியில் உள்ள வழிகள் மூலமாக நீர் பெறுகின்றன என்று நம்பினார்கள்; மழைநீர் மட்டும் ஆறுகளுக்குப் போதாது என்பது அவர்கள் எண்ணம். 1674இல் பியேர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்ன் ஆற்றின் மேற்பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டார். மழை, ஆற்றுநீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது. ஆக, ஆறு ஓட மழையே போதும், மிச்சமும் இருக்கும் என்று தெரிந்தது. 1687இல் எட்மண்ட் ஹாலி ஒரு பாத்திரத்தில் உப்புநீரை வைத்துச் சூடேற்றி, எவ்வளவு நீர் ஆவியாகிக் குறைகிறது என்று நிறுத்துப் பார்த்து, மத்தியதரைக் கடல் ஒரு நாளில் எவ்வளவு நீரை இழக்கும் என்று மதிப்பிட்டார். இதற்குப் பெயர் அறிவியல். பாட்டு இந்த வேலையைச் செய்யவில்லை. செய்ய வந்ததும் இல்லை.

அளக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், பண்டகசாலைக்கு முன்னே ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது. எந்த நிலத்தில் எவ்வளவு பெய்தால் என்ன விதைக்கலாம் என்று தீர்மானிக்க அந்த அளவு. ஆகவே மழைமானியைத் தேடுகிறவர்கள் அர்த்தசாஸ்திரத்தைத் திறக்கலாம். பட்டினப்பாலையில் தேடவேண்டியது வேறு.

பட்டினப்பாலை சொல்வது என்ன?

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் நாம் மேற்கோள் காட்டும் அந்த இரண்டு அடியும் தனியாக நிற்பவை அல்ல. அவை ஓர் உவமை. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் கடலிலிருந்து சரக்கு நிலத்தில் இறங்குகிறது. நிலத்திலிருந்து சரக்கு கடலில் ஏறுகிறது. இறங்குவதும் ஏறுவதும் ஓயவில்லை. அந்த ஓயாமைக்கு உவமையாகவே புலவர் மழையைக் கொண்டுவருகிறார்: மேகம் முகந்துகொண்ட நீர் மலையில் பொழிவதும், மலையில் பொழிந்த நீர் கடலில் போய்ப் பரவுவதும் போல என்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உவமை என்றால் தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் விளக்குவது. உருத்திரங்கண்ணனார் விளக்க விரும்பியது துறைமுகத்தை. நீரின் போக்குவரத்து கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி என்று எடுத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார். அப்படியானால் மலைக்கும் கடலுக்கும் நடுவே நீர் போய்வருகிறது என்பது அந்தக் காலத்துப் பாமரனுக்கும் தெரிந்த பொதுஅறிவாக இருந்திருக்கிறது. 'ஒரு மேதை கண்டுபிடித்தார்' என்று நாம் எழுதுவதைவிட இது பெரிய செய்தி இல்லையா? இதை எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. இந்த உவமைக்குச் சற்று முன்னால்தான் சுங்கம் வசூலிப்பவர்கள் வருகிறார்கள். சூரியனின் தேரில் பூட்டிய குதிரைகள்போல அவர்கள் நாள்தோறும் சோர்வில்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்கிறார் புலவர். சூரியன் அங்கேயே, பக்கத்து அடியிலேயே நிற்கிறான். ஆனால் நீரைக் கடலிலிருந்து தூக்குவது சூரியன்தான் என்று புலவர் சொல்லவில்லை. சூரியன் உழைப்புக்கு உவமையானான், மேகம் வணிகத்துக்கு உவமையானது, இரண்டும் சேரவில்லை.

வடமொழியில் காளிதாசர் ரகுவம்சத்தின் முதல் சருக்கத்தில் அந்த இரண்டையும் சேர்த்தார். குடிகளிடம் வரி வாங்கிய அரசன் அதை அவர்களுக்கே பன்மடங்காகத் திருப்பிக் கொடுத்தான், சூரியன் நீரை எடுப்பது ஆயிரம் மடங்காகத் திருப்பித் தருவதற்குத்தானே என்றார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு கவிஞர்களுக்குமே மழை நினைவுக்கு வந்தது வரவு செலவுக் கணக்குப் பேசும் இடத்தில். ஒருவருக்குத் துறைமுகச் சுங்கம், இன்னொருவருக்கு அரசவரி. எடுத்ததைத் திருப்பித் தராத அரசையும் வணிகத்தையும் இருவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீர்ச் சுழற்சி அவர்களுக்கு ஒரு அறம். இந்த அறத்தை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எந்தக் கடல்?

மும்பையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். ஒருமுறை இந்த உவமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கினாள். "அங்கிள், மேகம் தண்ணி எடுத்துச்சே, அது எந்தக் கடல்? தண்ணி கடைசியில போய்ச் சேர்ந்துச்சே, அது எந்தக் கடல்? ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீர்ச் சுழற்சிப் படம் இருக்கிறது. ஒரு கடல், ஒரு மேகம், ஒரு மலை, ஒரு ஆறு, நாலு அம்புக்குறி. எல்லாம் ஒரே கடல்தான். அந்தப் படத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்டாள்.

இரண்டும் ஒரே கடல் இல்லை. காவிரி பிறப்பது குடகு மலையில், தலைக்காவிரியில். அங்கே கொட்டுவது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவமழை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பி, அரபிக்கடல் மேல் வீசி, வழியெல்லாம் ஈரத்தை வாரிக்கொண்டு வரும் காற்று, மேற்குத்தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியாது, கொட்டிவிடுகிறது. அப்படிக் கொட்டிய நீர் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி, பூம்புகாரில் வங்கக்கடலில் சேர்கிறது. மேலைக்கடலில் எடுத்த நீரை மேகம் மலையில் இறக்கிவைக்க, ஆறு அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழைக்கடலில் சேர்க்கிறது. ஒரு துறையில் வாங்கிய சரக்கை இன்னொரு துறையில் இறக்குவதுபோல.

மும்பைக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஜூன் 11 வாக்கில் இங்கே வந்து இறங்கும் அதே பருவக்காற்றுதான் குடகிலும் பொழிகிறது. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து கிழக்கே மலையிறங்கினால் சில பத்துக் கிலோமீட்டருக்குள் அது ஆயிரத்துக்கும் கீழே போய்விடுகிறது. மகாபலேஷ்வரில் பிறக்கும் கிருஷ்ணையும் காவிரியைப் போலவே அரபிக்கடல் நீரை வங்கக்கடலுக்குக் கொண்டுபோகிறது. நாம் சயனில் முழங்காலளவு தண்ணீரில் நடக்கும் அதே ஆடி மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும். ஆனால் ஆறு நிறைந்து வரும். அதற்குத்தான் ஆடிப்பெருக்கு. மழையில்லாத ஊரில் கொண்டாடும் வெள்ளத் திருவிழா அது.

இதைத் தெரிந்துகொண்டு பட்டினப்பாலையின் தொடக்கத்தைப் படித்தால் அது புதிதாகத் தெரியும். வெள்ளி என்னும் கோள் திசை மாறித் தெற்கே போனாலும், மழைத்துளியையே உணவாகக் கொண்ட பறவை வாடும்படி வானம் பொய்த்தாலும், காவிரி பொய்க்காது என்று பாட்டு தொடங்குகிறது. அந்தக் காவிரிக்கு மலையைத் தலையாகவும் கடலை முடிவாகவும் சொல்கிறார் புலவர். ஆனால் பின்னால் அவரே மலையில் பெய்த மழைதான் கடலுக்குப் போகிறது என்று சொல்லப்போகிறார். வானம் பொய்த்தால் ஆறு எப்படி வரும்? இரண்டும் முரண்படவில்லையா?

முரணில்லை என்பதே என் வாசிப்பு. பொய்த்தது பூம்புகாரின் வானம். பொய்க்காதது குடகின் வானம். கடைமடையில் நின்று பார்ப்பவனுக்கு, தன் தலைக்கு மேல் மேகம் இல்லாத நாளிலும் ஆறு நுரைத்துக்கொண்டு வருவது கண்கண்ட அனுபவம். புகழ்ச்சி கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்வோம். மலையிலும் மழை தவறினால் காவிரியும் தவறும். 2012இலும் 2023இலும் டெல்டா விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புகழ்ச்சிக்கு அடியில் இருப்பது ஓர் ஊரின் சரியான வானிலைக் குறிப்பு.

புலவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதே பாட்டில் சரக்குகளைச் சொல்லும்போது அவர் திசை தவறாமல் சொல்கிறார்: மேற்கு மலையின் சந்தனம், தென்கடலின் முத்து, கீழ்க்கடலின் பவளம், கங்கையின் விளைபொருள், ஈழத்து உணவு. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அவர் கையில் இருக்கிறது. நீருக்கு மட்டும் திசை இல்லை. வெறும் மலை, வெறும் கடல். பவளத்துக்குக் கொடுத்த முகவரியை மழைக்கு அவர் கொடுக்கவில்லை. அந்த முகவரியைக் கேட்டது இருபது நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு மும்பைக் குழந்தை. பெருமைப்பட வேண்டும் என்றால் அதற்குப் பெருமைப்படலாம்.

குடிப்பதும் ஆவியாவதும்

பழம்பாடல்களில் மேகம் கடலைக் குடிக்கும், முகக்கும், கொள்ளும். முல்லைப்பாட்டில் நப்பூதனாரின் மேகம் குளிர்ந்த கடலைப் பருகி எழுந்து மலையை வளைத்துக்கொண்டு மாலையில் பெருமழை பொழிகிறது. ஆண்டாளின் பாசுரத்தில் மழைக்கு அதிபதியானவன் கடலுக்குள் புகுந்து நீரை மொண்டு முழங்கி மேலே ஏறுகிறான். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது வேறு. கடலுக்குள் மேகம் இறங்குவதில்லை. வெயில் பட்டுக் கடலின் மேற்பரப்பிலிருந்து நீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக ஏறுகிறது. மேலே குளிர்ந்து நுண்ணிய துளிகளாகத் தூசிகளைப் பற்றிக்கொள்ளும்போதுதான் அது மேகமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. மேகம் உண்மையாகவே கடலை மொண்டு குடித்திருந்தால் குடகில் உப்புமழை பெய்திருக்க வேண்டும்.

இதைப் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடலாம். "அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க, ஆவி கண்ணுக்குத் தெரியாதே" என்றால் பிள்ளை புரிந்துகொள்ளும். அதை விட்டுவிட்டு, 'பருகி' என்றால் ஆவியாதல் என்றுதான் பொருள் என்று நாம் வலிந்து சொல்லும்போது இரண்டு பக்கமும் அடிவிழுகிறது. அறிவியல் பாடத்திலும் குழப்பம், தமிழ்ச்சொல்லிலும் குழப்பம்.

கண்ணுக்குத் தெரிந்ததில் அவர்கள் பிசகவில்லை. ஆண்டாள் பாசுரத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் கடல், பிறகு மேலேறுதல், பிறகு கறுத்தல், பிறகு சக்கரம்போல மின்னல், பிறகு சங்குபோல முழக்கம், பிறகு அம்புமாரிபோல மழை. மின்னல் முந்தி, முழக்கம் பிந்தி. ஒளி உடனே வந்துவிடும், ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும் என்ற பாடத்தை இந்த வரிசையிலிருந்து தொடங்கலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு எண்ணினால் இடி இரண்டு கிலோமீட்டர் தள்ளி. முல்லைப்பாட்டின் மாலை மழையும் அப்படியே. பகலெல்லாம் சூடேறிய நிலத்தின் மேல் காற்று எழும்பி, பிற்பகலில் மேகம் கோபுரமாக வளர்ந்து, மாலையில் இடியோடு கொட்டுவது தமிழகத்து உள்மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசியில் இன்றும் காணும் காட்சி. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் கார்காலம் என்று வகுத்ததும் அந்த இரண்டு மாதங்களையே.

கருவி இல்லாத வானிலை

வானிலைக்கு அடிப்படை என்று பாடப்புத்தகம் ஆறு சொல்லும்: வெப்பநிலை, காற்றழுத்தம், காற்று, ஈரப்பதம், மேகம், மழை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அன்றுமுதல் இவற்றை ஊர் ஊராக அளந்து எழுதி வருகிறார்கள். அளவையின் அருமையை மும்பைக்காரர்களுக்கு 2005 ஜூலை 26 சொல்லித் தந்தது. அந்த ஒரு நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது; அதே நகரத்தின் தென்கோடியில் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் சொச்சம். 'மும்பையில் மழை' என்று பொதுவாகச் சொல்வதில் எவ்வளவு பொய் இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

இப்போது நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலர்க்கட்டுரைகளில் இந்தப் பாட்டு வருவது அரிது, ஏனென்றால் இதில் நீர்ச் சுழற்சி என்று சுட்டிக்காட்ட ஓர் அடி கூடக் கிடையாது. ஆனால் என் பார்வையில் தமிழில் உள்ள மிகச் சிறந்த வானிலை அறிக்கை இதுதான். கூதிர்காலம், அதாவது ஐப்பசி, கார்த்திகை. புதுமழை வெள்ளத்துக்கு ஒதுங்கி இடையர்கள் ஆநிரையை மேட்டுநிலத்துக்கு ஓட்டுகிறார்கள். குளிரில் நடுங்கித் தீக்காய்கிறார்கள். விலங்குகள் மேய மறக்கின்றன. குரங்குகள் ஒடுங்குகின்றன. பறவைகள் கிளையிலிருந்து விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. நகருக்குள் வந்தால், மாலை வந்துவிட்டதா என்று வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பெண்கள் பூந்தட்டில் இட்ட பிச்சி அரும்பு விரிவதைக் கண்டு, பொழுது சாய்ந்தது என்று விளக்கேற்றுகிறார்கள். கோடையில் பயன்பட்ட விசிறி மடக்கி மாட்டிவைத்த இடத்தில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குறுகிய வாயுள்ள குடத்துக் குளிர்ந்த நீரை யாரும் குடிக்கவில்லை, நெருப்புச்சட்டியை நாடுகிறார்கள். குளிரால் யாழ் நரம்பின் சுருதி திரிந்துவிட, ஆடல் மகளிர் தங்கள் மார்பின் வெம்மையில் அதைத் தடவி மீண்டும் பண் சேர்க்கிறார்கள்.

வெப்பமானி இல்லை, யாழ் இருக்கிறது. கடிகாரம் இல்லை, பிச்சி அரும்பு இருக்கிறது. ஒவ்வொரு வானிலைக் கூறும் அது எதை என்ன செய்தது என்பதால் பதிவாகியிருக்கிறது. ஆறில் ஒன்றுதான் பாட்டில் இல்லை: காற்றழுத்தம். அதை உடம்பு உணராது. 1643இல் டொரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காட்டிய பிறகே மனிதன் அதைப் பார்த்தான். இன்றைக்குச் செய்தியில் நாம் தினம் கேட்கும் சொல்லோ 'காற்றழுத்தத் தாழ்வு நிலை'. நக்கீரர் காலத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை இந்த ஒரு சொல் காட்டிவிடும். இரண்டு அறிவும் வேறு வேறு என்று சொல்லும்போது இரண்டுக்குமே மதிப்புக் கூடுகிறது.

கடலுக்கும் மழை வேண்டும்

திருக்குறள் வான்சிறப்பின் ஏழாவது குறள், மேகம் கடலிலிருந்து எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் பெருங்கடலும் தன் தன்மை குன்றிப்போகும் என்கிறது. பரிமேலழகர் இதற்கு உரை எழுதும்போது, மழைக்கு மூலமான கடலுக்கும் மழை வேண்டும் என்று முடிக்கிறார். தன்மை குன்றுதல் என்பதை, நீர்வாழ் உயிர்கள் பிறவாமை, மணிகள் விளையாமை என்று விளக்குகிறார். கடலில் நீர் வற்றும் என்று அவர் சொல்லவில்லை. கடலின் குணம் கெடும் என்கிறார். இது கூர்மையான உரை.

இன்றைய அறிவை வள்ளுவர் வாயில் வைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குறளைப் படித்துவிட்டு இன்றைய கடலைப் பார்க்கலாம். வங்கக்கடலின் மேல்மட்ட நீர் அரபிக்கடலைவிட உப்புக் குறைவானது. மழையும், கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி போன்ற பேராறுகளும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் காரணம். உப்புக் குறைந்த அந்த நீர் எடை குறைந்ததாகையால் மேலேயே நிற்கிறது, அடிநீரோடு எளிதில் கலப்பதில்லை. அதனால் மேற்பரப்பின் வெம்மையும் மேலேயே தங்குகிறது. புயல் வலுப்பெற அந்த வெம்மை துணைசெய்கிறது. ஆற்று முகத்துவாரங்களில் உப்பும் நன்னீரும் கலந்த நீரில்தான் பலவகை மீனும் இறாலும் குஞ்சுகளாக வளர்கின்றன. ஆற்றுநீர் கடலுக்குள் ஏதோ செய்கிறது என்பது உறுதி.

அப்படியிருக்க, ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் நாம் சொல்லும் வாக்கியம் என்ன? "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது." தேக்கி வைக்கத் தவறினோம் என்ற வருத்தம் நியாயம். ஆனால் கடலில் கலந்த ஒவ்வொரு துளியும் வீண் என்று சொல்கிறவர் அந்தக் குறளைப் படித்தவர் ஆகமாட்டார். ஒரு கையால் குறளைப் பிடித்துக்கொண்டு 'அன்றே சொன்னார் வள்ளுவர்' என்கிறோம். மறுகையால் அதற்கு நேர்மாறாக எழுதுகிறோம். பெருமைக்காகப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

படத்தில் இல்லாத பகுதி

பள்ளிக்கூடப் படத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஆறு நேராக ஓடுகிறது. நடுவில் மனிதன் இல்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டு அந்த இடத்தை நிரப்புகிறது. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் சொல்கிறார்: உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, அவற்றைச் சேர்த்து வைத்தவர்கள் உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள், வானத்தை மட்டும் பார்த்துக் கிடக்கும் நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் அரசனுக்கு உதவாது, ஆகவே நிலம் குழிந்த இடத்தில் கரை கட்டி நீரைத் தேக்கு. வெற்றிபெற்ற அரசனின் முகத்துக்கு நேரே வைத்த கோரிக்கை அது. மழையை யாரும் உண்டாக்க முடியாது. ஆனால் மலையிலிருந்து கடலுக்குப் போகும் வழியில் அதைக் கொஞ்சநாள் நிறுத்தி வைக்க முடியும்.

இதன் அருமை புரிய ஒரு கணக்கு. எந்த நேரத்திலும் உலகின் வளிமண்டலம் முழுவதும் உள்ள ஆவி மொத்தமும் ஒரே நேரத்தில் மழையாகி உலகெங்கும் சமமாகப் பரவினால், அது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்தான். ஒரு விரற்கடை உயரம். ஆனால் உலகின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். அதாவது வானம் தன் பையை ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை காலிசெய்து நிரப்பிக்கொள்கிறது. வானத்துக்குச் சேமிப்பு கிடையாது. சேமிப்பு பனியிலும் மண்ணிலும் ஏரியிலும் இருக்க வேண்டும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடுகிறது. மிச்ச மாதங்களை ஓட்ட ஏரி வேண்டும். மும்பையிலும் அதே கதைதான். விகார், துளசி, தான்சா, பாத்சா முதலான ஏழு ஏரிகளின் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஜூலை மாதத்துச் செய்தித்தாளில் நாம் பார்ப்பது எதற்காக? குடபுலவியனார் கேட்ட அதே கேள்விக்காக.

நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப்பிள்ளைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஐப்பசியில் அடைமழை என்று பழமொழியில் படிக்கும். அந்த ஐப்பசியில் மும்பையில் மழை விடைபெற்று அக்டோபர் வெயில் கொளுத்தும். பாட்டில் வாடை என்றால் மழையோடு வரும் வடகாற்று. தில்லியில் வளரும் பிள்ளைக்கு வடகாற்று என்றால் ஜனவரியின் வறண்ட குளிர். நாம் இடத்தைச் சொல்லாமல் பாட்டை மட்டும் சொன்னால், பாட்டு பொய் என்றோ தன் ஊர் தப்பு என்றோ பிள்ளை நினைத்துக்கொள்ளும். இரண்டு நினைப்பும் அதைத் தமிழிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். பாட்டோடு சேர்த்து ஒரு நிலப்படத்தையும் கொடுங்கள். இந்தப் பாட்டின் மழை எந்தக் கடலிலிருந்து, எந்தக் காற்றில், எந்த மாதத்தில், எந்த மலைமேல் வந்தது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு, 'நம்ம வீட்டு ஜன்னலில் அடிக்கும் மழை எங்கிருந்து?' என்று கேளுங்கள். ஒரு அகல வாய்ப் பாத்திரமும் அடிக்கோலும் இருந்தால் மொட்டைமாடியில் மழையை அளக்கலாம். அர்த்தசாஸ்திரத்து ஆள் செய்த வேலை அது. நக்கீரரைப்போல, மழைநாளில் வீட்டில் எந்தப் பொருள் எப்படி மாறியது என்று பத்து வரி தமிழில் எழுதச் சொல்லலாம்: கதவு இறுகியது, உப்பு கசிந்தது, அப்பளம் நமுத்தது. இந்த இரண்டு வேலையையும் ஒரே வாரத்தில் செய்த பிள்ளைக்கு, அளப்பது எது, உணர்வது எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த மலருக்கு மழையைப் பற்றி எழுத உட்காரும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. யார் முதலில் சொன்னார் என்ற பந்தயத்தை ஒருமுறை தள்ளிவைத்துவிட்டு, உங்கள் ஊர் ஆறு எந்தக் கடலின் நீரை எந்தக் கடலுக்குக் கொண்டுபோகிறது என்று எழுதுங்கள். வைகை, தாமிரபரணி, பாலாறு, பெண்ணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டும் அகப்படும். அந்தக் கட்டுரையை நான் முதல் ஆளாகப் படிப்பேன்.